ஒரு சொல் குறைந்த வசனம்

என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் என் எழுத்து பெரிது, கோணல். இன்றைக்கும் அப்படித்தான். சின்ன ரகரமா பெரிய றகரமா என்ற தடுமாற்றம் இன்னும் போகவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறான் என்று நினைத்து, பிழை கண்ட இடத்தில் நீங்களே திருத்தி வாசியுங்கள். எனக்குத் தொலைபேசியில் எழுத வராது. இதைக் கொப்பியில் எழுதுகிறேன். மகள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எங்கள் வகுப்புக் குழுவில் போடுவாள்.

கையெழுத்தைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. இந்தக் கதையில் என் கையெழுத்துக்கும் பங்கு இருக்கிறது.

போன மாதம் குழுவில் பள்ளிக்கூடக் கதைகள் போய்க்கொண்டிருந்தன. உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கட கள்ளப் பூனை எங்க? ஒரு சத்தமும் இல்லை. இன்னும் பதுங்கித்தான் இருக்கிறாரோ?" கீழே நிறையச் சிரிப்பு முகங்கள். எல்லாவற்றையும் மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். "அப்பா, உங்களை ஏன் கள்ளப் பூனை எண்டு சொல்லினம்?" என்று கேட்டாள். கோழிக்கூட்டைப் பூட்ட வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். கோழிக்கூடு அப்போதே பூட்டித்தான் இருந்தது.

எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்கு அது ஒரு பகிடியாக ஞாபகம் இருக்கிறது. மிச்சம் உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. சுருவில் ஊர்க் கரையில் எங்கள் வீடு இருந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா, தங்கச்சி, நான், பிறகு அம்மாவின் தம்பி. அவரைச் சின்ன மாமா என்போம். எங்களைப் பார்ப்பதற்காகவே எங்களோடு வந்து இருந்தவர். அனலைதீவில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். தங்கச்சி பூசையில் முதல் நன்மை வாங்கட்டும், அதற்குப் பிறகு கல்யாணம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

அவரிடம் வள்ளம் இல்லை. ஒரு வீச்சு வலை, இடுப்பில் கட்டுகிற பனையோலைப் பறி, அவ்வளவுதான். அந்தப் பறிக்குள் விழுகிற மீனை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வீச்சு வலைக்காரன் தண்ணீரில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் சின்ன மாமாவைப் போல யாரும் நடந்து நான் பார்க்கவில்லை. வலையை மடித்து முழங்கையில் போட்டு, ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வார். முழங்கால் மடியும், முதுகு தாழும். முதலில் பெருவிரல் தண்ணீருக்குள் போகும், பிறகு பாதம், கடைசியாகக் குதிக்கால். தண்ணீர் கலங்காது. தன் நிழல் மீன்மேல் விழாதபடி வெயிலுக்கு முகம் கொடுத்தே போவார். பக்கத்தில் நிற்கிற கொக்குக்கூடப் பறக்காது, அதுவும் அவரைப் போலத்தான் நின்றுகொண்டிருக்கும். திடீரென்று உடம்பு நிமிரும், வலை வட்டமாக விரிந்து விழும். ஈயக் குண்டுகள் தண்ணீரைத் தொடுகிற அந்தச் சத்தம் மழை தொடங்குவதுபோல இருக்கும். பிறகு மணலை மீனும் ஓரா மீனும் வலைக்குள் துள்ளும்.

பன்னிரண்டு வயதிலிருந்து இப்படி நடந்தவர். தரையிலும் அந்த நடைதான் வந்தது. குசினிக்குள் அவர் வந்து நிற்பது அம்மாவுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்துத் திடுக்கிடுவார்.

"எடேய், ஒரு நாளைக்கு என்ர உயிர் போகப் போகுது. உனக்கு ஆட்டு மணி ஒண்டு கட்டி விடப் போறன்."

"கட்டணை அக்கா. மீனுக்கும் கேக்கட்டும். அது ஓடட்டும். நாங்கள் மணியை அவிச்சுத் தின்னுவம்."

எங்கள் வீட்டில் மீன் பிடிக்கப் போனார் என்று யாரும் சொல்வதில்லை. காலையில் யாராவது வந்து மாமா எங்கே என்று கேட்டால், தங்கச்சி வாசலில் நின்றபடி, "மாமா பதுங்கப் போயிட்டார்" என்பாள். அம்மாவும் அப்படியே சொல்வார். பதுங்குதல் என்றால் எனக்கு அதுதான். வெயில், முழங்கால் தண்ணீர், வாயில் கடித்த வலை, மத்தியானக் குழம்பு. அந்தச் சொல்லுக்குள் வேறு பொருளும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாயப் போகிறவன் செய்வதையும் பயந்தவன் செய்வதையும் நாங்கள் ஒரே சொல்லால் சொல்கிறோம் என்பதைப் பத்து வயதில் நான் எப்படி அறிவேன்?

அந்த வருடம் ஆழக்கடலுக்குப் போக ஏலாது. கடற்படைப் படகு கண்டால் சுடும் என்ற பயம். பெரிய வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஆழத்துக்குப் போனவர்கள் எல்லாரும் கரையோரத் தண்ணீருக்கு வந்துவிட்டார்கள். கம்பியால் பின்னிய மீன் கூடுகளை வரிசையாக இறக்கினார்கள். உள்ளே போன மீன் வெளியே வர வழியில்லாத கூடு. எங்கள் கரையில் அதிகம் கூடு வைத்திருந்தவரை எல்லாரும் கூட்டுக்காரர் என்போம். உங்களில் ஒருவனுக்கு அவர் அப்பா.

பங்குனி மாதம் அளவில் அவருடைய கூடுகளை யாரோ திறந்து மீனை எடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒன்று, பிறகு மூன்று. கூட்டைத் திறப்பது எங்கள் கரையில் எவ்வளவு பெரிய கேவலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை மாறியது. கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போதுகூடக் கைகள் இறுகித்தான் இருந்தன.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

தமிழ்ப் பாடம். ரீச்சர் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, வசனத்தில் அமைக்கச் சொன்னார். கடைசிச் சொல் 'பதுங்கு'. எழுதி முடித்துவிட்டு ரீச்சர் திரும்பி, "எல்லாரும் பூனை பதுங்கியது எண்டு எழுத வேண்டாம். பூனைக்கு இண்டைக்கு லீவு" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு, "ஒரு வசனம் ஒரு வரிக்குள்ள நிக்க வேணும். கொப்பி விலை தெரியும்தானே" என்றார்.

எனக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் சந்தோஷம். எங்கள் வீட்டுச் சொல் கரும்பலகையில் நின்றது. நான் மனதில் அமைத்த வசனம் இது: எங்கள் சின்ன மாமா மீனுக்காகக் கடற்கரையில் பதுங்கிப் பதுங்கிப் போவார்.

எழுதும்போது 'எங்கள் சின்ன மாமா' என்பதற்கே அரை வரி போய்விட்டது. என் எழுத்து அவ்வளவு பெரிது. மீதி இடத்தை விரலால் அளந்து பார்த்தேன். எல்லாம் கொள்ளாது. ஒரு சொல்லை விட வேண்டும். 'மீனுக்காக' என்பதை விட்டேன். பதுங்குவதென்றால் மீனுக்குத்தானே, அதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்தேன்.

எங்கள் சின்ன மாமா கடற்கரையில் பதுங்கிப் பதுங்கிப் போவார்.

சரியாக வரியின் முனையில் முற்றுப்புள்ளி வந்து நின்றது.

ரீச்சர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "இதுதான் வசனம். தான் கண்டதை எழுதியிருக்கிறான்" என்று சொல்லி, சிவப்பு மையால் 'மிக நன்று' போட்டார். நான் வாங்கிய ஒரே ஒரு 'மிக நன்று' அது. அப்போதுதான் பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: "ரீச்சர், அப்ப அவன்ர மாமா பூனையோ?" இன்னொரு குரல்: "கள்ளப் பூனை!" வகுப்பே சிரித்தது. ரீச்சரும் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விடக் கூடாது.

மணி அடித்த பிறகு கூட்டுக்காரரின் இளைய மகன் என்னிடம் வந்தான். "கொப்பியைத் தாடா, பாத்து எழுதிப்போட்டு நாளைக்குத் தாறன்." அதற்கு முன் என் கொப்பியை யாரும் கேட்டதில்லை. பேப்பர் உறை கிழிந்திருந்த இடத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு பெருமை.

தம்பி, நீ இப்போது பிரான்சில் இருப்பதாக அறிந்தேன். இதை நீயும் வாசிப்பாய். நீ பார்த்து எழுதத்தான் கேட்டாய். வீட்டு மேசையில் அதை உன் அப்பா கண்டது உன் பிழை இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கலையவில்லை. கோயில் வளவில் வாகை மரத்தின் கீழே ஆண்கள் கூடினார்கள். சின்ன மாமாவைக் கூப்பிட்டார்கள். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். அம்மா பெண்கள் பக்கத்தில் நின்றார். கூட்டுக்காரரின் கையில் என் கொப்பி இருந்தது. கண்ணாடியைப் போட்டு, வரியை விரலால் தொட்டு வாசித்தார். பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"தம்பி, இது உன்ர கையெழுத்தோ?"

"ஓம்."

"பயப்பிடாத. உண்மையைச் சொல்லு. மாமா பதுங்கிப் பதுங்கித்தான் போறவரோ?"

"ஓம்."

"கூடு கிடக்கிற பக்கமோ?"

கூடு கிடந்த தண்ணீரும் மாமா வலை எறிந்த தண்ணீரும் ஒன்றுதான். "ஓம்" என்றேன்.

எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை வேட்டிகளுக்கு நடுவில் நின்று 'ஓம்' என்ற ஒரு சொல்தான் என் வாயில் வந்தது. அடுத்த சொல் தொண்டையில் இருந்தது. மீனுக்காக. வரியில் இடம் இல்லாமல் விட்ட அதே சொல். அன்றைக்கும் அது வெளியே வரவில்லை.

சின்ன மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பெடியன் பொய் சொல்லேல்லை. நான் பதுங்கிறனான்தான். நிமிந்து நடக்கிறவனுக்கு மீன் நிக்குமே, அண்ணை? உங்களுக்குத் தெரியாதே?"

"மீனுக்கோ, கூட்டுக்கோ?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் கரையில் அவர் இனி வலை எறியக் கூடாது என்று சொன்னார்கள். ஒருவரும் அடிக்கவில்லை, ஒருவரும் தூஷணம் பேசவில்லை. கூட்டுக்காரர் கொப்பியை மடித்து என் கையிலேயே தந்தார். "கவனமாய் வைச்சிரு" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அடி விழும் என்று நினைத்தேன். சின்ன மாமா என் தோளில் கையை வைத்துக்கொண்டு நடந்தார். "மருமோன், ரீச்சர் மிக நன்று போட்டிருக்கிறா. அதை ஒருத்தரும் வாசிக்கேல்லைப் பாத்தியே" என்றார்.

அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் வரவில்லை. அம்மா முள்முருக்கங் கம்பால் அடித்தும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். நான் படித்தது அவ்வளவுதான். காய்ச்சல், வறுமை என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். காரணம் அந்தக் கொப்பிதான். அதை நான் வீட்டுக் கிணற்றுக்குள் போட்டேன். அது உடனே தாழவில்லை. மூன்று நாள் மிதந்தது. தண்ணீர் அள்ளும்போதெல்லாம் வாளியால் அதை விலக்கிவிட்டுத்தான் அள்ளினோம். சிவப்பு மை கரைந்து போயிற்று.

அந்த நாட்களில் சின்ன மாமா வீட்டில் ஒரு புது வேலை தொடங்கினார். நடக்கப் பழகினார். முற்றத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, குதிக்காலை முதலில் ஊன்றி, தொம் தொம் என்று நடப்பார். குசினி வாசலுக்கு வருமுன் செருமுவார்.

"இப்ப சத்தம் கேக்குதோ, அக்கா?"

அம்மா முதல் நாள் சிரிக்கப் பார்த்தார். இரண்டாம் நாள், "உந்தக் கூத்து வேண்டாம், தம்பி. நீ முந்தி மாதிரியே வா" என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் அவர் விடவில்லை. முப்பது வயது மனிதர் பிள்ளைகளைப்போல ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். இரண்டு தரம் தடுக்கி விழுந்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அனலைதீவுக்குப் போகிறேன் என்றார். பெண் வீட்டாரின் கரையில் வலை எறியலாம், கதை அங்கே போய்ச் சேருமுன் தானே போய்ச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். கடல் சரியில்லை, படகுகள் சுற்றுகின்றன என்று அம்மா மறித்தார். "இஞ்ச இருந்து என்னத்தைத் தின்னுறது, அக்கா? ஒரு மாதத்தில வாறன்" என்றார். யாரிடமோ ஒரு சின்ன வள்ளம் கேட்டு எடுத்தார்.

காலையில் நானும் அம்மாவும் கரைக்குப் போனோம். வள்ளம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. வலையையும் பறியையும் தோளில் போட்டுக்கொண்டு அவர் தண்ணீருக்குள் இறங்கினார். நிமிர்ந்து, காலை ஓங்கி ஓங்கி வைத்து, சளக் சளக் என்று நடந்தார். கரையிலிருந்த ஆட்கள் எல்லாருக்கும் கேட்டிருக்கும். கொக்கு எழுந்து பறந்தது. அந்தத் தண்ணீரில் அவர் சத்தம் போட்டு நடந்து நான் கண்டது அன்றைக்குத்தான். என் காலருகே நின்ற மணலைக் குஞ்சுகளெல்லாம் சிதறி ஓடின.

அந்த வள்ளம் அனலைதீவுக்குப் போய்ச் சேரவில்லை. காற்றா, சுற்றுகிற படகா, எங்களுக்குத் தெரியாது. வள்ளமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் மரித்தோர் நாளில் எல்லாரும் சேமக்காலைக் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொண்டு போவார்கள். எங்களுக்கு வைக்க ஒரு குழி இல்லை. அம்மா அதைக் கடற்கரை மணலில் குத்தி வைப்பார். காற்று அணைக்கும். திரும்பவும் கொளுத்துவார்.

இன்னும் ஒன்று. சின்ன மாமா போய் இருபது நாள் இருக்காது, கூட்டுக்காரரின் கூடுகள் மறுபடி திறந்து கிடந்தன. அம்மாவிடம் இதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை. தெரு முழுவதும் வாய் மூடிக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் கூட்டுக்காரர் எங்கள் வேலிப் படலையடிக்கு வந்தார். ஒரு கோர்வை ஓரா மீனைப் படலைக்கு உள்ளே மண்ணில் வைத்தார். அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார்.

அம்மா அந்த மீனை எடுக்கவில்லை. எங்களையும் எடுக்க விடவில்லை. இரண்டு நாளாக வீட்டில் மீன் இல்லாத சொதியும் சோறும்தான். ஆனாலும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலி ஓட்டைக்குள்ளால் ஒரு பூனை வந்தது. வயிறு மண்ணைத் தொட, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, பதுங்கிப் பதுங்கி வந்தது. ஒருவரும் விரட்டாத மீனுக்கும் அது அப்படித்தான் வந்தது. அதற்கு வேறு நடை தெரியாது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

தொண்ணூறாம் ஆண்டு, ஊரை விட்டு எல்லாரும் வெளிக்கிடுவதற்குக் கொஞ்சம் முன்னம், கோயில் வளவில் ஒரு குழி வெட்டினோம். அதே வாகை மரத்தடியில். நாங்கள் அதைப் பங்கர் என்போம். எழுத்தில் அதற்குப் பதுங்கு குழி என்று பெயர். கடையடியில் ஒட்டியிருந்த ஒரு அறிவித்தலில் அதை வாசித்தேன். அந்தச் சொல் என்னைத் தேடி வந்ததுபோல இருந்தது.

ஒரு நாள் பகலில் ஷெல் விழத் தொடங்கியது. குழிக்குள் பாய்ந்தேன். எனக்கு எதிரே, முழங்காலை மடித்து, முதுகைத் தாழ்த்திக்கொண்டு கூட்டுக்காரர் இருந்தார். அவருக்கு வயது போய்விட்டிருந்தது. எங்கள் இரண்டு பேரின் முழங்காலும் முட்டிக்கொண்டிருந்தன. மேலே மண் உதிர்ந்தது. அவர்தான் பேசினார்.

"தம்பி, நானும் வீச்சு வலை எறிஞ்சவன். கூடு வாங்க முந்திப் பத்து வருசம் எறிஞ்சனான். உன்ர மாமா நடந்த நடை என்னெண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு இந்த மரத்துக்குக் கீழ நிண்ட அவ்வளவு பேருக்கும் தெரியும்."

எனக்கு வயது பதினான்கு. "பிறகேன்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆரோ என்ர கூட்டைத் திறந்தவன். கடலுக்குப் போக ஏலாது. ஆரிலயெண்டாலும் கோபப்பட வேணும் போல கிடந்தது. நீ எழுதின வரி கையில வந்து சேந்துது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் காலைத் தொட்டாரா, மண் உதிர்ந்ததற்குக் கையை மாற்றினாரா என்று தெரியவில்லை. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்ல வரவில்லை. ஷெல் நின்ற பிறகு ஆளுக்கொரு பக்கம் ஏறிப் போனோம். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் இறந்ததாகக் கேள்விப்பட்டேன். தம்பி, உன் அப்பா சொன்னதை நீ அறிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், அவரைக் குறை சொல்ல அல்ல. அவ்வளவு பேரிலும் வாயைத் திறந்து சொன்னது அவர் ஒருவர்தான்.

என்னைக் கள்ளப் பூனை என்று கூப்பிடுவதில் எனக்கு ஒன்றும் இல்லை, கூப்பிடுங்கள். ஆனால் அந்தப் பட்டம் என்னுடையது இல்லை. அதை அன்றைக்கு வைத்தது சின்ன மாமாவுக்கு. அவர் கூட்டைத் திறந்தவர் இல்லை என்று எங்கள் வகுப்பில் இருந்தவர்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

மகள் வாங்கித் தந்த கொப்பி அகலமானது. என் எழுத்துக்கும் இடம் போதும். ரீச்சர் உயிரோடு இருந்தால் திருத்துவதற்காக, அந்த வசனத்தைத் திரும்ப எழுதுகிறேன்.

எங்கள் சின்ன மாமா மீனுக்காகக் கடற்கரையில் பதுங்கிப் பதுங்கிப் போவார்.

2023 நவம்பர் 2, மரித்தோர் நாள்.